பைரவர் முன் வைத்த சாவி

சிவன் கோயிலில் அர்த்தசாம பூசை நடக்கும்போது சுவாமியின் பாதுகை பல்லக்கில் பள்ளியறைக்குப் போகும். பால் நிவேதனம், தீபாராதனை, பிறகு திரை. கடைசியில் பைரவர் பூசை. நடை சாத்திய சாவியை அவர் சந்நிதியில் வைத்துவிட்டுத்தான் குருக்கள் வீடு திரும்புவது பழைய வழக்கம். எங்கும் நிறைந்த பரம்பொருளை இரவில் தூங்க வைப்பது குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சாவியில் ஒரு கருத்து இருக்கிறது: ஒருவர் உறங்க வேண்டுமானால் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும், சாவி உறங்குகிறவர் கையில் இருக்கக் கூடாது. உறங்கிய உயிர் தானே விழிக்கிறதா, விழிப்பிக்கப்படுகிறதா என்பது நம் தத்துவத்தின் பழைய கேள்வி. விழிப்பிக்கப்படுகிறது என்பது சைவ சித்தாந்தத்தின் விடை. இந்தக் கேள்வியும் கணினிப் பாடமும் ஒரே ஊரில் சந்திக்கின்றன. காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் சம்பந்தர் பாடிய திருமேனியழகர் கோயிலும் இருக்கிறது. 2010இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் இருக்கிறது. முதல் இடத்தின் கேள்விக்கு இரண்டாம் இடத்தில் படிக்கும் கணினிப் பாடத்திலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் சித்தாந்தம் சொல்வதைப் பார்ப்போம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12. நான்காவது சூத்திரம் உயிரின் ஐந்து அவத்தைகளை, அதாவது நிலைகளை, பேசுகிறது. மந்திரிகளோடு கூடிய அரசனைப் போல உயிர் தன் கருவிகளோடு கூடி நிற்கிறது என்பது அங்கே வரும் உவமை. உரை மரபு இதற்குக் கணக்கே கொடுக்கிறது. நனவில் தொழிற்படும் கருவிகள் 35. கனவில் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் கழன்று 25 ஆகின்றன. உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றுதான். துரியத்தில் சித்தமும் ஒடுங்கி இரண்டு, துரியாதீதத்தில் ஒன்று. விழிக்கும்போது இதே படிகள் தலைகீழாக ஏறுகின்றன. ஆக, உறக்கம் என்பது விளக்கை ஊதி அணைப்பது போன்ற செயல் அல்ல. வரிசை பிசகாத ஒடுக்கம். இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கண், செவி மட்டுமல்ல, மனமும் புத்தியும்கூடச் சித்தாந்தத்தில் சடம், அதாவது அறிவற்ற பொருள், மாயையின் காரியம்.

மடிக்கணினியின் மூடியைச் சாத்தும்போது நடப்பதும் இப்படிப்பட்ட ஒடுக்கம்தான். இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல், எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அணைப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை முதலில் நிறுத்தி வைக்கிறது. பிறகு சாதனங்கள்: யூஎஸ்பி மவுஸ் முதலில், அது தொங்கும் கன்ட்ரோலர் அடுத்து, அதையும் தாங்கும் பாதை அதற்கும் பின்னால். பிள்ளை உறங்காமல் தாய் உறங்கக் கூடாது. விழிக்கும்போது தாய் எழாமல் பிள்ளை எழக் கூடாது. உறங்கப் போகும் சாதனத்தின் நிலையை, அதை இயக்கும் நிரலான டிரைவர் நினைவகத்தில் குறித்து வைக்கிறது. அந்த நினைவகம் மட்டும் சொற்ப மின்சாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. கூடவே ஏதோ ஒரு காவல் விழித்திருக்கிறது: ஒரு கடிகாரச் சில்லு, அல்லது மூடி திறந்ததை உணரும் ஒரு கம்பி. அதுவும் உறங்கிவிட்டால் அந்தக் கணினி தானாக எழாது.

இதில் நுட்பமான இடம் பூட்டு. ஒரு சாதனத்துக்கு வேலை இல்லை, உறங்க வைக்கலாம் என்று ஒரு பக்கம் முடிவாகும் அதே கணத்தில், மறுபக்கம் அதற்கு வேலை வந்து நின்றால் என்ன ஆகும்? உறங்கிய சாதனத்தைத் தொட்டால் பொருளற்ற விடை வரும். சில இயந்திரங்களில் மொத்தக் கணினியும் உறைந்துபோகும். 2009 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.32 கெர்னலில் நிரலாளர் ரஃபேல் விசோட்ஸ்கி சேர்த்த அமைப்பு இதற்குத்தான். சாதனத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை. அது சுழியம் ஆனால்தான் உறக்கம். நிலையை மாற்றும் கணத்தில் பூட்டு ஒருவர் கையில் மட்டும். உறங்க வைக்கும் வேலைக்கு நேரமாகும் என்பதால், ‘உறங்கப் போய்க்கொண்டிருக்கிறது’ என்று குறித்துவிட்டுப் பூட்டை விட்டுவிடுவார்கள். பின்னால் வருபவர் அந்தக் குறிப்பைப் பார்த்துக் காத்திருப்பார். இந்த ஏற்பாட்டில் சாதனத்துக்கு எதுவும் தெரியாது. வேலை கொடுக்கும் நிரலுக்கும் முழுதாகத் தெரியாது. இரண்டையும் பார்த்து நிற்கும் மூன்றாவதுதான் முடிவு செய்கிறது. நம் நிலையும் இதுவே. தான் உறங்கிய கணத்தைக் கண்டவர் எவரும் இல்லை.

உயிரை இயந்திரத்தோடு ஒப்பிடலாமா என்பது முதல் மறுப்பு. ஒப்பிடக் கூடாதுதான், நான் ஒப்பிடுவது உயிரை அல்ல, கருவிகளை. கருவிகள் சடம் என்பது சித்தாந்தத்தின் சொந்தக் கொள்கை. சடத்துக்குச் சடத்தை உவமை சொல்வதில் பிழை இல்லை. பௌத்தர் பக்கத்து மறுப்பு இன்னும் வலுவானது: நிலையைக் குறித்து வைத்தால் போதுமே, விழித்திருக்கும் ஒருவர் எதற்கு? நினைவுகளின் தொடர்ச்சிதானே நாம்? அந்த வாதத்துக்குக் கணினியிலேயே ஆதாரம் உண்டு. நிலை முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தை அறவே துண்டிக்கும் ஆழ்ந்த உறக்கமும் இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கணினியை எழுப்ப வெளியிலிருந்து ஒரு விரல் பொத்தானை அழுத்த வேண்டும். எழுதி வைத்தது தன்னைத் தானே படித்துக்கொள்வதில்லை. காவலை உள்ளே இல்லாமல் ஆக்கினால் அது வெளியே போகிறது, இல்லாமல் போவதில்லை.

அப்படியானால் கடிகாரச் சில்லை எழுப்பி வைத்திருப்பது எது, அதன் பேட்டரியைச் செய்தது யார் என்று கேட்டுக்கொண்டே போகலாமே என்பது மூன்றாவது மறுப்பு. போகலாம், இயந்திரத்துக்குள் அந்தக் கேள்விக்கு முடிவு கிடையாது. பிறர் விழிப்பிக்காமல் இயல்பாகவே விழித்த அறிவு ஒன்று உண்டு என்று சித்தாந்தம் சொல்வது அந்த முடிவில்லாத சங்கிலிக்கு ஒரு முடிவைச் சொல்வதே. கெர்னல் அதை நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். உறங்குவதை உறங்காதது காக்க வேண்டும் என்ற விதியை அது காட்டுகிறது. அந்த உறங்காதது சிவமா என்பதை அவரவர் தெளிய வேண்டும்.

மீண்டும் காரைக்காலுக்கு வருவோம். அங்கே ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா. சிவன் பிட்சாடனராக வீதியில் வரும்போது மாம்பழங்கள் வாரி இறைக்கப்படும். அந்த விழாவின் நாயகியான காரைக்கால் அம்மையார் கயிலையில் கேட்ட வரங்களைச் சேக்கிழார் சொல்கிறார். பிறவாமை வேண்டும் என்றார். பிறந்தாலும் மறவாமை வேண்டும் என்றார். ஒடுங்குவதும் எழுவதும் நம் கையில் இல்லை என்று தெரிந்தவர் கேட்கும் வரம் அது. கருவிகள் ஒடுங்கட்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.