முறை யாருடையது?

மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தால், அங்கே முதலில் எழும் வழக்கு பெரும்பாலும் துடைப்பத்தைப் பற்றியதாகவே இருக்கும். தென்காசியில் வாடகை வீடொன்றில் நாங்கள் அறுவர் தங்கிப் படித்த நாள்களில் இதைக் கண்டோம். பெருக்குதல், தண்ணீர் பிடித்தல், பாத்திரம் துலக்குதல், கழிப்பறை கழுவுதல் என வேலைகளைப் பகுத்து, கிழமைவாரியாகத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எல்லார்க்கும் சமபங்கு, குறைகூற இடமில்லை.

ஆனி பிறந்தது, சாரலும் தொடங்கியது. குற்றாலத்தில் குளிக்க வந்த நண்பர்களும் உறவினர்களும் ஈரத் துணியோடும் சேற்றுக் காலோடும் எங்கள் வீட்டில் தங்கினார்கள். வேலை பெருகியது, முறை மாற்றிக்கொள்வதும் பெருகியது. "ரெண்டு நாள் பாத்திரத்தை நான் பாத்துக்கிறேன், கக்கூஸை நீ கழுவிரு" என்பது போன்ற உடன்பாடுகள். எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. ஆயினும், ஆவணி பிறந்தபோது கழிப்பறை ஏறக்குறைய ஒரே நண்பனின் வேலையாகியிருந்தது. அறுவரில் அவன் ஒருவனே சேரியிலிருந்து வந்தவன். ஓர் இரவு அவன் அமைதியாகக் கேட்டான்: "மாத்தும்போதெல்லாம் அது எங்கிட்டயே ஏன்டா வருது?"

அவன் சம்மதித்தானே என்று வாதிடலாம். ஆனால், நாங்கள் யாரிடம் சம்மதம் கேட்டோம் என்பதிலேயே அநீதி தொடங்கிவிட்டது. மற்றவர் மறுப்பர் என்பதும், அவன் மறுக்கமாட்டான் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவைப் பல தலைமுறைகளின் பழக்கமே எங்களுக்குத் தந்திருந்தது.

இந்த வட்டாரத்துக்கு இவ்வழக்கு புதிதன்று. 1922-ல் வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளிக்கப்பட்டதால் எழுந்த பூசல், 1925 வரை தமிழகத்தையே உலுக்கியது. சேர்ந்து உண்பது பற்றிய வழக்கு அது. இன்று நம் விடுதிகளில் மாணவர்கள் ஒரே பந்தியில் அமர்கிறார்கள். இது சிறிய வெற்றியன்று. ஆனால் பந்தி முடிந்தபின் எச்சில் இலையை எடுப்பவர் யார்? மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றச் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால், நம் உள்ளத்தில் எழுதி ஒட்டியிருக்கும் வேலைப் பட்டியலை எந்தச் சட்டமும் எட்டுவதில்லை.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 35-ஆம் அதிகாரம் சமையற்கட்டுப் பணியைப் பற்றியது. சகோதரர்கள் வாரமுறைப்படி ஒருவருக்கொருவர் பணிசெய்ய வேண்டும். நோயுற்றோரும் இன்றியமையாத அலுவலில் இருப்போரும் தவிர, எவருக்கும் விலக்கில்லை. சனிக்கிழமையில், முறை முடிப்பவர் துண்டுகளைத் துவைப்பார். அவரும் அடுத்து முறை ஏற்பவரும் சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவுவர். குலப்பெருமை தலைதூக்கிய உலகில், செல்வர் மகனும் ஏழை மகனும் ஒரே முறையில் நின்றார்கள்.

இதற்கு வேர் பெரிய வியாழன் இரவில் உள்ளது. அக்காலத்தில் கால் கழுவுவது அடிமையின் வேலை. ஆண்டவர் அதையே தம் பங்காக எடுத்துக்கொண்டார். எல்லா வேலையும் ஒன்றே என்று நாம் சொல்வது எளிது. கடைசி வேலை எப்போதும் கடையரிடமே சேருமாயின், நம் சொல் வெறும் சொல்லே.

மறுநாள் தாளைக் கிழித்து வேறு எழுதினோம். வெட்கம் மேலிட்டு, கழிப்பறைப் பணியிலிருந்து நண்பனின் பெயரையே நீக்கிவிட முனைந்தோம். அவன் உடன்படவில்லை. "என் முறை எனக்கு வேணும். அடுத்தவன் முறைதான் வேண்டாம்" என்றான். ஒருவர் ஒருவருடைய பாதங்களைக் கழுவுமாறு ஆண்டவர் பணித்ததன் பொருள் அன்று எங்களுக்குத் துலங்கியது. அந்தக் கட்டளை கழுவுகிறவர் என்று ஓர் இனத்தையும், கழுவப்படுகிறவர் என்று ஓர் இனத்தையும் விட்டுவைக்கவில்லை. அநீதியாக அவனை நாடிய கை, இரக்கத்தாலும் அவனைத் தனியே ஒதுக்கப் பார்த்ததே!

தாளின் அடியில் ஒரு விதி சேர்த்தோம்: எந்த வேலையையும் மாற்றிக்கொள்ளலாம், கழிப்பறை முறையை மட்டும் மாற்றலாகாது.

பங்கின் திருவிழா விருந்து முடிந்தபின் கூடத்தைக் கழுவ யார் எஞ்சுகிறார்கள் என்று அடுத்த முறை சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நம் வீட்டிலும் பார்ப்போம். மகளின் கையில் துடைப்பம் இருக்கும் வேளையில் மகனின் கையில் என்ன இருக்கிறது?