வழித்துணை என்னும் விரதம்



இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் வகுத்தருளிய பன்னிரு விரதங்களுள் கடைசியாக நிற்பது அதிதி ஸம்விபாகம். இன்ன திதியில் வருவேன் என்று சொல்லிவைத்து வாராதவர் அதிதி. அவர்க்குத் தம் பங்கிலிருந்து பகுத்து வைத்தல் ஸம்விபாகம். நாம் இதனைத் துறவியர்க்கு ஆகாரதானம் செய்தல் என்ற அளவில் பொருள் கொண்டு போற்றி வருகிறோம். முதன்மையான பொருள் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் சமந்தபத்ர ஆசாரியர் தம் இரத்தின கரண்டகத்தில் இதே விரதத்தை வையாவிருத்யம் என்ற பெயரால் விரிக்குமிடத்து, துன்பம் களைதலோடு கால் பிடித்து விடுதலையும் சேர்த்து உரைக்கின்றார். கால் ஏன் நோகும்? நடந்து வந்தமையால் நோகும். நம் துறவியர் வாகனம் ஏறாதவர், ஊர்தோறும் நடப்பவர். ஆகவே இவ்விரதம் அடுக்களையில் தொடங்கியதன்று, சாலையில் தொடங்கியது என்று கொள்வதில் பிழையிராது.

சாலையில் அயலாரைத் துணையாகக் கொண்டு நெடுந்தூரம் நடந்தவர் யார் என்று தமிழ்ச் சமணரைக் கேட்டால் விடை ஒன்றுதான். சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளை நினையாதவர் நம்மில் இலர். ஆனால் அவர் சாபமிட்டதையும் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததையும் பேசுகின்ற நாம், இடைப்பட்ட நாள்களில் அவர் எவ்வாறு நடந்தார் என்பதைப் பேசுவது குறைவு. இன்று அதனையே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

புகாரைவிட்டு விடியுமுன் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் ஒரு காதம் நடந்து அடிகளின் பள்ளியை அடைகின்றனர். உருவும் குலமும் ஒழுக்கமும் உடைய நீவிர் வீடு துறந்து வந்த காரணம் யாது என்று அடிகள் ஒருமுறை வினவுகின்றார். அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, மதுரை சென்று பொருளீட்ட விரும்புகிறேன் என்கின்றான் கோவலன். அவ்வளவோடு அடிகள் நிறுத்திக்கொள்கின்றார். துருவிக் கேட்கவில்லை. அந்த மெல்லடிகள் காட்டு வழியைத் தாங்கா என்று மட்டும் எச்சரித்து, தடுத்தும் நில்லார் என்று அறிந்தவுடன், மதுரையில் கற்றறிந்த மாதவரிடம் அறவுரை கேட்கத் தமக்கும் விருப்பமுண்டு என்று கூறி, கடிஞையும் தோட்பையும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்டுவிடுகின்றார். உங்களுக்காக வருகிறேன் என்று அவர் சொல்லவேயில்லை. உதவி பெறுகிறவரைக் கடன்பட்டவராக ஆக்காத உதவி இது.

அவர் வழி சொல்லும் முறையைப் பாருங்கள். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் அதில் விழும். குழிக்கு அஞ்சி ஒதுங்கினால் தாழத் தொங்கும் பலாக்கனி தலையில் முட்டும். தோட்டத்தில் பலாவின் விதைகள் பரல்போல் பாதத்தை வருத்தும் என்கின்றார். இவை கண்ணகிக்காகச் சொன்னவை. வயல் வழியே சென்றால் கரும்பில் கட்டிய தேன் பொய்கை நீரில் கலந்திருக்கும், தாகத்தால் அறியாது அள்ளிப் பருகிவிட நேரும். கால்வாய்க் கரையில் நடந்தால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்கின்றார். இவை கண்ணகிக்காக மட்டும் சொன்னவை அல்ல. ஒரே மூச்சில் ஒரு பெண்ணின் பாதத்தையும் ஒரு நண்டின் உயிரையும் எண்ணிப் பார்க்கும் மனம் அது. ஈர்யா ஸமிதியை நூலில் படிப்பவர்க்கு இப்பகுதியைவிடச் சிறந்த விளக்கம் கிடைப்பது அரிது.

பின்னர்ப் பாண்டி நாட்டை அடைந்தபோது, பகல் வெயிலைக் கண்ணகியின் அடிகள் தாங்கா, நிலவொளியில் இரவில் நடப்போம் என்று கோவலன் வேண்ட, அடிகள் அதற்கும் இசைகின்றார். தரையைக் கண்ணால் தெளிவாகப் பார்த்து அடியெடுத்து வைக்க வேண்டிய துறவிக்கு இரவு நடை இயல்பானதன்று. தம் நெறியின் கடுமையைப் பிறர் பாதத்தின்மேல் சுமத்த அவர் விரும்பவில்லை என்றே இதனை நான் கொள்கிறேன்.

வழித்துணை என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் கொள்வது மட்டுமன்று. காவிரியின் தென்கரைச் சோலையில் இழிந்தோர் இருவர் கண்ணகியை இகழ்ந்தபோது அடிகள் வெகுண்டு, அவர்களை நரியாகச் சபித்துவிட்டார். அப்போது அவர்களுக்காகப் பரிந்து பேசியவர் யாவர்? இகழப்பட்ட கோவலனும் கண்ணகியுமே. அறியாது பேசினார், பொறுத்தருள வேண்டும் என்று அவர்கள் கைகூப்பவே, சாபம் பன்னிரண்டு திங்களாகச் சுருங்கிற்று. துறவி இல்லறத்தார்க்கு அஹிம்சை கற்பித்தார். இல்லறத்தார் துறவிக்குப் பொறுமையை நினைவூட்டினர்.

அடிகளின் துணையால் விளைந்தது என்ன என்று கேட்பவர் உண்டு. கோவலன் வெட்டுண்டான், மதுரை எரிந்தது, துணை வந்தும் பயன் என்ன? இக்கேள்வியைத் தள்ளிவிடலாகாது. தம்மோடு வந்தமையால்தான் இவர் வினை உருத்ததோ என்று அடிகளே நெஞ்சு நொந்து நோன்பேற்றார். ஒருவரின் வினையை மற்றவர் சுமக்க இயலாது என்பது நம் சித்தாந்தம். முப்பது காதத் தொலைவில் கண்ணகிக்கு நேராத துன்பங்களை, விழாத குழிகளை, பருகாத தேன்நீரைக் காவியம் கணக்கிட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. உயிர்கள் ஒன்றற்கொன்று உதவியாக நிற்பவை என்று உமாஸ்வாமி ஆசாரியர் உரைத்ததில், அவ்வுதவி முடிவை மாற்றினால்தான் உதவி என்ற நிபந்தனை ஏதும் இல்லை.

மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குலத்து மாதரியிடம் இருவரையும் ஒப்படைக்கும்போது அடிகள் ஒரு கதை சொல்கின்றார். சாரணர்க்கு உணவளித்த இல்லத்தில் மிஞ்சிய சோற்றையும் நீரையும் ஒரு குரங்கு உண்டது. இதனையும் உம் மக்களைப்போல் பேணுக என்றார் சாரணர். அக்குரங்கு மறுபிறவியில் அரசிளங்குமரனாகி, தானங்கள் பல செய்து, பின் தேவனுமாயிற்று. முற்பிறவியை மறவாதிருக்க ஒரு கையைக் குரங்குக் கையாகவே வைத்துக்கொண்டது. ஸுபாத்திரம் எது, அபாத்திரம் எது என்று தானத்தில் தரம் பிரிக்கும் நம் நூல்கள், கருணாதானத்தில் அத்தரத்தைக் கேட்பதில்லை. குரங்குக்கே இடமிருக்கும்போது பிற சமயத்தார்க்கு இடமில்லையா?

கவுந்தியடிகள் மேற்கு நோக்கி நடந்த அதே காவிரி நாட்டில், 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டனர். உப்புச் சட்டத்தை மீறுவதற்காக வேதாரணியம் வரை ஏறத்தாழ 150 மைல் நடை. அவர்களுக்கு உணவோ தங்குமிடமோ தருவோர் சிறை புகுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டார். மக்கள் ஆணையையும் படித்தனர், பசித்தவரையும் நினைத்தனர். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும் இடங்களில் உணவுப் பாத்திரங்களைப் புதைத்து, மேலே நாணலை அடையாளமாக நட்டு வைத்தனர். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைவின்றியே தம் இல்லத்தில் இடமளித்துச் சிறை சென்றார். 28ஆம் நாள் அணி வேதாரணியத்தை அடைந்தது.

குப்ததானம் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கட்டித் தொங்கவிட்டவர் இன்னார் என்று உண்டவர் அறியார். உண்டவர் இன்னார் என்று கட்டியவரும் அறியார். நாணலை நட்டுவிட்டு வீடு திரும்பிய அந்த உழவர் வீட்டாரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. பின்னாளில் ராஜாஜி வாழ்ந்த பசுல்லா சாலை நம் தியாகராய நகரில்தான் இருக்கிறது. அவர் நினைவாலயமும் அடையாற்றை அடுத்த காந்தி மண்டப வளாகத்திலேயே உள்ளது. அவ்வழியே செல்வோர் அந்நாணலையும் ஒருகணம் நினைக்கலாம்.

நம் நகரத்திற்கே வருவோம். ஆகஸ்ட் 29ஆம் நாள் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் கொடியேறுகின்ற பருவத்தில், அடையாற்றுச் சாலைகளில் காவியுடுத்த கிறிஸ்தவ அன்பர்கள் கூட்டம் கூட்டமாக வெறுங்காலோடு நடந்து செல்வதைக் காண்கிறோம். நாகப்பட்டினத்தை அடுத்த வேளாங்கண்ணிக்கே கடற்கரைச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடப்போரும் உளர். நமக்கு அது சாதுர்மாஸ காலம். மழையில் சிற்றுயிர்கள் பெருகுவதால் நம் துறவியர் நடவாது ஓரிடத்தில் தங்கும் நாள்கள். தசலக்ஷண பர்வமும் பெரும்பாலும் அதனையொட்டியே வருகின்றது. நம்மவர் நடவாத நாளில் பிறர் நடக்கின்றனர். நம் வாயிலைக் கடக்கும் அவர்களுக்கு வடிகட்டிக் காய்ச்சி ஆறிய நீர் ஒரு குவளை தர எந்த விரதமும் தடை சொல்லாது. பங்குனியில் மயிலை மாடவீதிகளில் அறுபத்துமூவர் விழாவுக்கு வருவோர்க்கெல்லாம், யார் எவர் என்று கேளாமல், வீட்டு வாசல்தோறும் நீர்மோரும் உணவும் வழங்கும் அன்பர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

கொடுக்கும் முறையில் மட்டும் நாம் கருத்தாயிருத்தல் வேண்டும். பந்தலைவிடப் பெரிதாகக் கொடுப்பவர் பெயர்ப்பலகை இருந்தால் அது செருக்கு என்னும் கஷாயத்திற்கு இட்ட பந்தலாகிவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளைகளை 2019 ஜனவரி முதல் அரசே தடை செய்துள்ளது. இனிப்பு ஒட்டிய குவளையில் மொய்த்து மிதிபடும் எறும்பையும், எறிந்த பையைத் தின்னும் பசுவையும் எண்ணினால் நமக்கு அத்தடை முன்னரே இருந்திருக்க வேண்டும். இரவில் வருவோர்க்கு உணவளிக்க நம் நெறி இடந்தராவிடினும், படுக்கத் திண்ணையும் காலுக்கு வெந்நீரும் தரலாம்.

மயிலைக்கு இன்னொரு கடனும் உண்டு. இங்கே கோயில் கொண்டிருந்த நேமிநாதப் பெருமான், கடல் அரிப்புக்கு அஞ்சி மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்யப்பெற்றார் என்பது வழிவழியாக வரும் செய்தி. வண்டியும் வழியும் செம்மையாயிராத அக்காலத்தில், எத்தனை ஊரார் எத்தனை இரவு இடங்கொடுத்திருப்பர்! மயிலைநாதரே வழிச்செல்பவராய்ப் பிறர் ஊரில் தங்கிச் சென்றிருக்க, வழிச்செல்வோர் நமக்கு அயலாராவது எங்ஙனம்?

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, இந்நகரில் மாடிவீடுகள் எழுப்பிய வடநாட்டுத் தொழிலாளர் பலர், மூட்டையோடும் குழந்தையோடும் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினர். வழியில் சோறும் செருப்பும் கொடுத்த ஊரார்க்கு அவர்களின் மொழிகூடத் தெரியாது. அவர்களையும் அதிதியர் என்றே கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நெடுஞ்சாலை ஓரமாக விடியற்காலையில் நடந்த நம் துறவியரும் ஸாத்விகளும் வாகனம் மோதி உயிர் நீத்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவண்ணம் உள்ளன. கார்த்திகைப் பௌர்ணமி கழிந்ததும் தியாகராய நகரிலிருந்தும் மயிலையிலிருந்தும் விஹாரம் தொடங்கும். வழியனுப்ப முதல் நாள் வருவோர் பலர். வாகனங்களை எதிர்நோக்கும் பக்கமாக, ஒளி பிரதிபலிக்கும் மேலாடை அணிந்து, முன்னே ஒருவரும் பின்னே ஒருவருமாக நடந்து செல்ல மூன்றாம் நாளும் நான்காம் நாளுந்தான் ஆள் குறைகின்றது. செங்கற்பட்டுக்கு அப்பால் உடன் நடக்க இயலும் இளைஞர்கள், தங்கள் பகுதி ஸ்தானகத்திலோ ஜினாலயத்திலோ பௌர்ணமிக்கு முன்னரே பெயர் சொல்லி வைத்தல் நலம்.