உப்பைத் தின்றவர் யார்?

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது பழமொழி. தவறு செய்தவன் அதன் விளைவையும் தானே சுமப்பான் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் சட்டம் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில், 1996இல், உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றே அறிவித்தது. ஆனால் நொய்யல் ஆற்றங்கரையில் அந்தப் பழமொழி பொய்த்துப்போனது. உப்பைத் தின்றவர்கள் மேல்மடையில் இருந்தார்கள். தாகத்தில் தவித்தவர்கள் கடைமடையில் இருந்தார்கள். இங்கே உப்பு என்பது உவமை அல்ல. மூட்டை மூட்டையாக ஆற்றில் கரைந்த உண்மையான உப்பு.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் வழியே கிழக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊரருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் அதில் பெரிதாக நீரோட்டம் இராது. அதை அறிந்துதான் முன்னோர் தடுப்பணைகளையும் குளங்களையும் சங்கிலிபோல் அமைத்து, வெள்ளத்தைப் பிடித்து ஊருக்குள் நிறுத்தினார்கள். இந்தக் கரையில் தொழில் நடப்பதும் புதிதல்ல. இரும்பு உருக்கியதற்கும் கல்மணிகள் செய்ததற்கும் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தடயங்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எனவே ஆற்றங்கரையில் தொழில் இருக்கலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. தொழிலின் லாபம் ஒருவர் கணக்கிலும் அதன் நட்டம் இன்னொருவர் கணக்கிலும் எழுதப்படலாமா என்பதே கேள்வி.

திருப்பூர் வெள்ளை பனியன் தைத்த காலத்தில் அங்கே பெரும்பாலும் வெளுக்கும் வேலைதான் நடந்தது. 1980களில் வண்ணத் துணிகளின் ஏற்றுமதி பெருகியபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் ஏராளமாக உப்பு போட வேண்டும். அந்த உப்பு சாயத்தை நூலோடு சேர்த்துவைக்கும். தான் நூலில் தங்காது. போட்டது முழுக்கக் கழிவுநீரில் வந்துவிடும். நீர்நிலைகளில் விடும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருந்தது. வற்றாத ஆறாக இருந்தால் ஓரளவு நீர்த்துப் போயிருக்கும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் நொய்யலில் சாயத்தண்ணீரே ஆறாக ஓடியது.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து அவை சாயத்தைப் படியவைத்தன. நிறம் பெருமளவு நீங்கியது. உப்பு அப்படியே இருந்தது. பார்ப்பவர் முகம் சுளித்தது நிறத்தைக் கண்டு. பயிரைக் கொன்றதோ உப்பு. முகச் சுளிப்புக்கு மருந்து கிடைத்ததும் நோய் தீர்ந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் குற்றத்துக்கு மட்டும் பரிகாரம் தேடும் பழக்கம் தொழில்நுட்பத்தில் நுழைந்தால் இப்படித்தான் முடியும்.

அதன் விளைவைக் கண்ணால் காண ஒரத்துப்பாளையம் அணை இருந்தது. ஈரோடு, கரூர் மாவட்டங்களின் பாசனத்துக்கென்று கட்டி, 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தொட்டி ஆனது. நீரைத் தேக்கினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன. திறந்துவிட்டால் கீழே உள்ள வயல்கள் கெட்டன. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணில் ஏறினால் மண் இறுகும், நீர் இறங்காது, மேலே வெள்ளை பூக்கும். தண்ணீர் விடச் சொல்லிப் போராடுவதற்காகவே பிறந்த ஆயக்கட்டுக்காரர்கள், தண்ணீரே வேண்டாம், அணையைக் காலியாகவே வையுங்கள் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

உயர் நீதிமன்றம் 2006இல் கழிவை நிறுத்தக் கெடு விதித்தது. வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் பைசாக் கணக்கில் அபராதமும் விதித்தது. உச்ச நீதிமன்றம் 2009இல் அந்தத் தீர்ப்பின் பக்கம் நின்றது. அதன் பிறகும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடவைத்தது உயர் நீதிமன்றம். சாயம் நின்றால் பின்னலாடைத் தொழிலின் பிற வேலைகளும் அடுத்தடுத்துச் சுணங்கும். வேலை தேடி வெளி மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு அது இடி. வழக்கின் மையத்தில் உழவரும் பட்டறைக்காரரும் அரசும் இருந்தார்கள். கூலிக்குத் துணி முக்கியவருக்கு அங்கே இடம் இல்லை.

அப்படியானால் உப்பைத் தின்றவர் யார்?

முதல் விடை எளிது: சாயப்பட்டறை உரிமையாளர். கழிவைத் திறந்துவிட்ட கை அவருடையது. ஆனால் அவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவது அறமாகாது. பெரும்பாலான பட்டறைகள் பிறர் துணிக்குக் கூலிக்குச் சாயம் போடுபவை. கிலோவுக்கு இவ்வளவு என்று விலையை நிர்ணயிப்பவர் ஏற்றுமதியாளர்; அவர் விலையை நிர்ணயிப்பது கடல்கடந்த நிறுவனம். கழிவைச் சுத்திகரிக்கும் செலவைக் கூலியில் ஏற்றும் பட்டறைக்காரர், ஏற்றாத பக்கத்துப் பட்டறையிடம் ஆர்டரை இழப்பார். அத்தகைய சந்தையில் நேர்மையாளனே முதலில் நொடிப்பான். இன்னொன்றும் உண்டு. திருப்பூரின் சிறு முதலாளிகளில் பலர் கொங்குநாட்டு வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்; வானம் பொய்த்த பூமியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, தொழிலாளியாகத் தொடங்கி முதலாளி ஆனவர்கள். மேல்மடையில் கழிவு விட்டவருக்கும் கடைமடையில் நிலம் இழந்தவருக்கும் நடுவே மாமன் மச்சான் உறவே இருக்கக்கூடும்.

பட்டியலை இன்னும் நீட்டலாம். உரிமம் கொடுத்தது அரசு. அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியை ஊக்குவித்த அதே அரசு, கழிவைக் கண்காணிக்கும் பொறுப்பையும் வைத்துக்கொண்டு வாளாவிருந்தது. மலிவு விலையில் சட்டை கிடைத்ததில் மகிழ்ந்த அயல்நாட்டு வாடிக்கையாளரின் ரசீதில் நொய்யலின் விலை சேர்க்கப்படவே இல்லை. உள்ளூரில் வண்ண பனியன் வாங்கியவரும் அந்த வரிசையில் நிற்க வேண்டியவரே.

இப்படி நீளும் பட்டியலில் ஓர் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும். பங்கு பலருக்கு உண்டு என்பதாலேயே பங்குகள் சமம் என்று ஆகாது. அளவிட இரண்டு கோல்கள் உண்டு. ஒன்று, அறிந்திருந்தார்களா என்பது. மற்றது, வேறு வழி இருந்ததா என்பது. தொழில் தொடங்கிய முதல் ஆண்டுகளில் பட்டறைக்காரர் அறியாமல் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். பாசன அணையின் தண்ணீரே வேண்டாமென்று பாசனக்காரரே கெஞ்சிய பிறகு அறியாமை என்ற மறைப்பு கிழிந்துவிட்டது. அதன் பிறகு விட்ட ஒவ்வொரு லிட்டரும் அறிந்தே விட்டது. வழி இல்லையே என்ற வாதமும் முழுதாக நிற்கவில்லை. தனியொரு பட்டறைக்கு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து விலை கேட்டிருந்தால் வழி பிறந்திருக்கும். 2011க்குப் பிறகு அதுதான் நடந்தது. சட்டம் எல்லோரையும் ஒரே நாளில் கட்டியபோது, நேர்மையாளன் மட்டும் நொடிக்கும் நிலை மாறியது. அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பே செய்திருக்கக்கூடிய ஒரே அமைப்பு அரசு. ஆகவே பட்டறைக்காரருக்கு அடுத்த பெரிய பங்கு, அதிகாரம் இருந்தும் பயன்படுத்தாத அரசுடையது. சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த அரசு பின்னர் கொடுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனைத் தொழிலுக்குச் செய்த உபகாரமாகப் பார்ப்பவர்கள் உண்டு. அரசு தன் பங்குக் கடனில் கட்டிய முதல் தவணை என்று பார்ப்பதே பொருத்தம்.

இன்று திருப்பூர்ச் சாயத்தொழில் கழிவை வெளியே விடாத முறைக்கு மாறியிருக்கிறது. பொது நிலையங்களில் கழிவுநீர் சவ்வுகள் வழியே பிழியப்படுகிறது. நல்ல நீர் பட்டறைக்குத் திரும்புகிறது. எஞ்சிய உப்புக்கரைசலும் ஆவியாக்கிப் பிரித்த உப்பும் மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகின்றன. இவ்வளவு பெரிய தொழில்திரள் இதைச் செய்து காட்டியது அரிய சாதனை. அதற்கான மின்சாரமும் எரிபொருளும் கொஞ்சநஞ்சமல்ல. செலவைத் தொழில் சுமக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் தவறை நிறுத்துவதும் தவறைத் தீர்ப்பதும் ஒன்றல்ல. ஊரார் கிணற்றில் இருபது ஆண்டுகள் உப்பைக் கொட்டியவர், நாளை முதல் கொட்ட மாட்டேன் என்று சொல்வது நல்ல செய்திதான். கிணறு அதனால் இனிக்காது. உழவர்களுக்கான இழப்பீட்டை நிர்ணயிக்க அமைந்த ஆணையம், 68 கிராமங்களில் 28,596 பேருக்கு 2004 வரையிலான இழப்பாக ஏறக்குறைய 24.8 கோடி ரூபாயைக் கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. தலைமுறைத் தலைமுறையாகச் சோறு போட்ட நிலத்தின் பல ஆண்டு விளைச்சலுக்கு அது ஈடாகுமா என்பது ஒரு கேள்வி. நிலமே இல்லாமல் அந்த வயல்களில் கூலி வேலை பார்த்தவருக்கு என்ன கணக்கு என்பது அதைவிடக் கடினமான கேள்வி. பட்டா உள்ளவருக்குக் கிடைக்கும் நீதி, மண்வெட்டி மட்டும் உள்ளவரை எட்டுவதில்லை.

கழிவும் மாயமாகவில்லை. பிரித்தெடுத்த உப்புகளில் மீண்டும் பயன்படாத கலப்பு உப்பும் சுத்திகரிப்புச் சேறும் மூட்டைகளாகத் தேங்குகின்றன. நேற்று ஆற்றுக்குள் கரைந்த கடன் இன்று கொட்டகைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணெதிரே இருப்பதால் ஏமாற்ற முடியாது என்ற அளவில் இது முன்னேற்றமே. ஆனால் அதைச் சுமக்கப் போகிறவர் அடுத்த தலைமுறை என்றால், கடைமடையின் இடத்தில் வருங்காலத்தை நிறுத்திவிட்டோம் என்றே பொருள். நகரத்தின் சாக்கடையும் மறக்கத்தக்கதல்ல. சாயத்தைக் குற்றம் சொன்ன வீடுகளின் கழிவுநீர் கோவையிலும் திருப்பூரிலும் அதே ஆற்றில் சேர்கிறது. பட்டறைக்காரருக்கு விதித்த அளவுகோலை நகரவாசி தனக்கும் விதித்துக்கொள்ளத் தயாரா?

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. நொய்யலின் துணையாறான நல்லாற்றில், திருப்பூரின் விளிம்பில் உள்ள நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பின்னலாடை நகரத்தின் வாசலில் வலசைப் பறவைகள் இறங்குவதை எவரும் மகிழ்ச்சியோடுதான் பார்ப்பார்கள். ஆயினும் பறவையின் வரவை மன்னிப்புச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரையும் நீரும் இருந்தால் பறவை வரும்; யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அது விசாரிப்பதில்லை. மன்னிக்கும் உரிமை கடைமடைக்காரருக்கு மட்டுமே உண்டு.

எனவே மீட்பு என்பதற்கு மூன்று கடமைகள் உண்டு. சாயம் ஏறும் ஒவ்வொரு கிலோ துணியின் விலையிலும் ஆற்றின் பங்கு சேர வேண்டும். அதைத் துணி வாங்குபவர் தர வேண்டும். அந்தப் பங்கு சுத்திகரிப்பு நிலையத்தோடு நிற்காமல், உவர்த்த நிலத்தைத் திருத்தவும் உவர்த்த கிணற்றுக்கு மாற்று நீர் தரவும் கீழ்நோக்கிப் போக வேண்டும். நிலமற்ற கூலிகளையும் வேலையிழந்த பட்டறைத் தொழிலாளரையும் கணக்கில் சேர்க்கும் மேசையில் அவர்களும் உட்கார வேண்டும்.

ஆற்றின் நலத்தை அளக்க ஆய்வகங்கள் பல அளவுகளைத் தரும். அறத்தை அளக்க ஒரு சோதனை போதும். ஒரத்துப்பாளையத்தில் மதகைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால், கீழே உள்ள விவசாயி வாய்க்காலைச் செதுக்க மண்வெட்டியோடு ஓடுகிறாரா, திறக்காதீர்கள் என்று மனுவோடு ஓடுகிறாரா? அவர் மண்வெட்டியோடு ஓடும் நாள் வரை, உப்பைத் தின்றவர்கள் தண்ணீர் குடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.