மடலுக்கு முனைகள் இரண்டு

அணு என்ற சொல்லைக் கேட்டு எங்கள் கல்பாக்கத்துப் பிள்ளைகள் மிரள்வதில்லை. கடலோரத்து அணுமின் நிலையத்தைப் பார்த்தே வளர்பவர்கள். ஆனால் தோழர்களே, அணுவைப் பற்றிய ஏடொன்றைக் கண்டு ஒரு சர்க்காரே மிரண்ட கதை உண்டு! ஏட்டை எழுதியவர் சிறையில் இருந்தார். மிரட்சிக்குக் காரணம் அவ்வளவே.

பிரபாகர் பாண்டுரங் சன்ஸ்கிரி என்பது அவர் பெயர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், விசாரணையின்றிப் பம்பாய்ச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். சர்க்காரின் அனுமதியோடு, அணுவின் உட்புறத்தை விளக்கும் அறிவியல் நூலொன்றை மராத்தியில் எழுதி முடித்தார். அச்சேற்றும் பொருட்டு அதனை மனைவிக்கு அனுப்ப 1964 செப்டம்பரில் அனுமதி கேட்டார். எழுத அனுமதித்த சர்க்கார், அனுப்ப அனுமதிக்கவில்லை! 1965 மார்ச்சில் மறுப்பு வந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சர்க்கார் தரப்பு என்ன வாதிட்டது தெரியுமா? காவலில் இருப்பவனுக்கு விதிகள் வழங்கும் சலுகைகள் மட்டுமே உண்டு. நூல் அனுப்பும் சலுகை விதிகளில் இல்லை. ஆகவே அனுப்பலாகாது என்றது. நீதிபதி சுப்பா ராவ் எழுதிய 1965 செப்டம்பர்த் தீர்ப்பு அந்த வாதத்தைத் தலைகீழாகப் புரட்டியது. விதிகளில் இருப்பவை கட்டுப்பாடுகள். அவை தடுக்காத ஒன்றைத் தடுக்க அதிகாரிக்கு உரிமையில்லை என்றது. ஏடு விடுதலை பெற்றது.

மகிழ்ச்சிதான். ஆயினும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. தடுக்கும் விதி ஒன்றை நாளையே எழுதிவிட்டால்? சட்டத்தின் வாய் அடைபடலாம். அறத்தின் வாயுமா அடைபடும்?

மடலைத் திறந்து பார்ப்பதே கூடாது என்று நான் வாதாடவில்லை. உறைக்குள் போதைப்பொருள் வரலாம், தப்பியோடும் திட்டம் வரலாம், சாட்சியை மிரட்டும் சொல் வெளியே போகலாம். காவலன் தேடட்டும். ஆனால், "சோற்றில் புழு" என்று கைதி எழுதினால் அந்த வரியின் மேல் மை பூசுகிறார்களே, அது எந்தத் தேடலைச் சேர்ந்தது? அங்கே காக்கப்படுவது சிறையா, சிறை அதிகாரியின் பெயரா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அளவுமீறிக் குறை கூறும் மடல்களையே விலக்கும் விதி இருந்தது. எது அளவு? அதை அளந்தவர், குறைகூறப்பட்டவரின் ஆட்கள்தாம்! 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. தள்ளியபோது சுட்டிய காரணம் நம் சிந்தனைக்குரியது. மடலுக்கு முனைகள் இரண்டு. கைதியின் மடலைத் தடுத்தால், வெளியே இருப்பவரின் உரிமையும் பறிபோகிறது என்றது.

ஆம், அந்த மறுமுனையை யார் நினைக்கிறோம்? 1964இல் ராபன் தீவுச் சிறைக்குச் சென்ற மண்டேலாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு மடல்தான். அதுவும் 500 சொற்களுக்குள். தண்டனை பெற்றவர் அவர். அந்த 500 சொற்களுக்கு ஆறு மாதம் காத்திருந்த குடும்பத்துக்கு எந்த மன்றம் தண்டனை விதித்தது?

வந்து சேரும் மடல்கூட முழு மடலா? அந்நியன் ஒருவன் முதலில் படிப்பான் என்று தெரிந்தபின், எந்தப் பெண் கணவனுக்கு மனம் திறந்து எழுதுவாள்? எழுத்தறியாத தாயின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவள் சொல்ல ஒருவர் எழுத வேண்டும், அதிகாரி ஆராய வேண்டும், உள்ளே இன்னொருவர் மகனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்! எழுத்தறிவு இயக்கம் பேசும் நாம், இதற்காகவேனும் சிறைக்குள் அகர முதல் கற்பிக்கப் போராடலாம்.

அந்த 1974 தீர்ப்பு மற்றொன்றும் கூறியது: மடலை நிறுத்தினால், நிறுத்தியதைக் கைதிக்குச் சொல்; எழுதியவர் மறுப்புரைக்க வாய்ப்புக் கொடு; மறுப்பைக் கேட்பவர், நிறுத்திய அதிகாரியாக இருத்தல் ஆகாது. பெரிய புரட்சி ஏதும் வேண்டாம், இதை மட்டும் செய்ய ஒரு துண்டுத் தாள் போதும். அத்தாள் வராதபோது என்ன நடக்கிறது? மகனின் மடல் அதிகாரியின் மேசை அறையில் கிடக்கிறது. மகன் மறந்துவிட்டான் என்று எண்ணி, தாய் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறாள்.