பெற்றார்க்குக் காட்டத்தக்கது யாது?

மக்கள் பெற்றார்க்குச் செய்யுங் கடன்களைப்பற்றி நம் வித்தியாசாலைகளிலே பலவாறு போதிக்கின்றோம். அவர் சொற்கேட்டல், முதுமையில் அவரைப் பேணல், அவர்க்கு நற்பெயர் தேடிக்கொடுத்தல் என்னும் இவை நாம் நாடோறும் எடுத்தோதுவன. ஆயின், தொலைவிலே சென்று தனித்து வாழும் மகனையோ மகளையோ காணும்பொருட்டுப் பெற்றார் புறப்பட்டு வருவாராயின், வந்தவர்க்கு அப்பிள்ளை எதனைக் காட்டவேண்டும், எதனை மறைக்கலாம் என்னும் வினாவை நாம் மாணாக்கர்முன் வைத்தது அரிது. சிறு வினாப்போலத் தோன்றும் இதனுள்ளே அன்பு, வாய்மை, மானம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பொருதுகின்றன. ஆதலின், இதனைச் சிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு இக்காலத்து உலக வழக்கொன்று தக்க உதாரணமாகின்றது. அவுஸ்திரேலியா 1975ஆம் ஆண்டிலே பிரித்தானியா, அயர்லாந்து, கனடா என்னும் நாடுகளின் இளைஞர்க்கு 'வேலை விடுமுறை' என்னும் ஓர் அநுமதியை வழங்கத் தொடங்கிற்று. யப்பான் 1980இலே சேர்ந்தது. பின்னர் வேறு பல நாடுகளுஞ் சேர்ந்தன. 18 வயது முதல் 30 வயது வரையுள்ளோர், அயர்லாந்து, கனடா முதலிய சில நாட்டினராயின் 35 வயது வரையுள்ளோர், இவ்வநுமதி பெற்று ஓராண்டு அங்கே தங்கலாம். ஊர் சுற்றிப் பார்த்தற்கு வேண்டும் பொருளை அங்கேயே உழைத்துத் தேடிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுந் தங்க விரும்புவோர், பெருநகர்க்கு அப்பாலுள்ள இடங்களிலே தோட்டவேலை முதலிய குறித்த தொழில்களில் 88 நாள் உழைத்திருத்தல் வேண்டும். 2024 ஜூலை முதற் பிரித்தானியர்க்கு இந்நிபந்தனை நீக்கப்பட்டது. அயர்லாந்தினர்க்கு அச்சலுகை அப்போது அளிக்கப்படவில்லை.

இனி, அயர்லாந்திலிருந்து இவ்வாறு சென்ற ஒரு மகளை மனத்திலே கற்பித்துக்கொள்வோம். அவளுக்கு வயது 24. பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 360 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பண்டபேர்க் என்னும் ஊரின் அயலிலே, வற்றாளங்கிழங்குத் தோட்டமொன்றில் அவள் வேலை செய்கின்றாள். தங்குமிடமோ ஒரு மலிவான விடுதி. ஓரறையிலே வேறு எழுவரோடு, ஒன்றின்மேலொன்றாய் அமைந்த கட்டில்களில் ஒன்று அவளுடையது. விடியுமுன் எழுந்து போய், நாள்முழுதும் குனிந்து உழைத்து, மண்படிந்த உடையோடு மீள்கின்றாள். வீட்டுக்கு அவள் அனுப்பும் படங்களிலோ கடலும் வெயிலும் சிரிப்புமே உள்ளன. இந்நிலையில், ஆகஸ்டு மாதத்திலே தாயுந் தந்தையும் அவளோடு மூன்று வாரம் பிரயாணஞ் செய்தற்கு வருகின்றனர்.

மகள் மகிழ்ச்சியோடு வழி வகுக்கின்றாள். பிரிஸ்பேனிலே புறப்பட்டு, ஹேர்வி குடாவிலே திமிங்கிலங்களைக் காணல். உலகிலுள்ள மணற்றீவுகளுட் பெரிதாகிய கிகாரித் தீவுக்குச் செல்லல். பின்னர் வடக்கே விற்சண்டே தீவுகளைக் கடந்து, கேர்ண்ஸ் நகரையடைந்து, 2,300 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் பவளப்பாறைத் தொடரைப் பார்த்தல் என்பது ஏற்பாடு. பிரிஸ்பேனிலிருந்து கேர்ண்ஸ் வரையுள்ள வழி ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர். அயர்லாந்துத் தீவின் நீளமோ 500 கிலோமீற்றருக்கும் உட்பட்டது. தேசப்படத்தை விரித்துப் பார்த்த தந்தை, "இரண்டு நாளிற் போய்விடலாம்" என்பார். மகளோ, "அப்பா, இந்நாடு நம்முடைய நாடு போன்றதன்று" என்பாள். நேற்றுவரை கைப்பிடித்து வழி காட்டியவர் இன்று வழி கேட்கின்றார். கைப்பிடித்து நடந்தவள் இன்று முன்னே நடக்கின்றாள்.

இம்மாற்றத்திலே குற்றமொன்றும் இல்லை; அஃது இயற்கையேயாம். ஆயின், அது பிள்ளைக்கு ஒரு புதிய சோதனையைத் தருகின்றது. பெற்றார் மெல்ல நடப்பர். அடிக்கடி இளைப்பாற விரும்புவர். ஒன்றையே இருமுறை வினாவுவர். அவர் நம்மை நடை பழக்கிய காலத்திலே நாமும் அவ்வாறே செய்தோம் என்று நினைத்தல் ஒன்றே அவ்விடத்துப் பொறுமைக்குத் துணையாவது. இச்சோதனையிலே பெரும்பாலார் தேறிவிடுவர். தேறுதற்கு அரிய சோதனை வேறொன்றுண்டு.

வடக்கே செல்லும் அப்பெருவழி சில்டர்ஸ் என்னுஞ் சிற்றூரினூடே செல்கின்றது. அங்கே ஒரு கிளைவழி பிரிந்து பண்டபேர்க்குக்குப் போகின்றது. தூரம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். "நீ வேலை செய்யும் ஊர் அருகிலேதானே? போய்ப் பார்ப்போம்" என்று தாய் கூறுகின்றாள். "அங்கே பார்க்கத்தக்கது ஒன்றுமில்லை, அம்மா" என்று மகள் விடையளித்து நேரே வண்டியைச் செலுத்துகின்றாள். அவள் செய்தது அன்பா, பொய்யா? இதுவே நம் வினா.

அவள் பக்கத்து நியாயங்களை முதலிலே கேட்போம். ஒரு நாளுக்கு மேற்பட்ட ஆகாயப் பிரயாணஞ்செய்து வந்த பெற்றாரின் மகிழ்ச்சியை ஏன் கெடுத்தல் வேண்டும்? அவரால் மாற்றவியலாத வருத்தத்தை அவர் நெஞ்சிலே ஏற்றி அனுப்புவதாற் பயனென்ன? அத்தோட்டவேலையோ சில மாதத்தில் முடிந்துவிடும். இவற்றோடு வேறொன்றையும் அவள் மறைத்திருக்கின்றாள். நிரந்தரமல்லாத தொழிலாளியாதலின் அவளுக்குச் சம்பளத்தோடு கூடிய லீவு இல்லை; இம்மூன்று வாரமும் அவளுக்குக் கூலியில்லை; அந்நாட்கள் அந்த 88இலே கணக்கிடப்படுவதுமில்லை. இதனைச் சொன்னால் தந்தை தாம் வந்ததற்காக வருந்துவார் என்று அஞ்சுகின்றாள். குற்றமற்ற நலத்தைத் தருமாயின் பொய்யும் மெய்யோடு ஒக்கும் என்பது வள்ளுவனார் கருத்துமாம் அன்றோ?

வள்ளுவனார் அவ்வாறு கூறியது உண்மையே. ஆயின், அதனைத் தமக்கு அரணாகக் கொள்வோர் பலர், அவர் விதித்த நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். விளையும் நலம் குற்றமற்றதாதல் வேண்டும். அந்நலம் யாருக்கு உரியது என்று வினாவினால், பெரும்பாலும் உண்மை வெளிப்படும். மறைப்பினாலே தடுக்கப்படுவது பெற்றாருடைய நோவா, நம்முடைய நாணமா? 'அவர் வருந்துவார்' என்று நாம் சொல்லும்போது, 'அவர் கண்முன் நாம் சிறியராய்த் தோன்றுவோம்' என்னும் அச்சமே அச்சொல்லின் உள்ளே ஒளிந்திருத்தல் கூடும்.

இதனை நாம் நூலறிவினாற் கூறுகின்றிலேம். பன்னிரண்டு வயதிலே நாம் ஒரு மிஷன் வித்தியாசாலையின் விடுதியிற் சேர்ந்தோம். ஒரு மாரிகாலத்திலே, நம் ஐயா புகையிலைத் தோட்டத்து வேலையை ஒருநாள் விடுத்து, பனையோலைப் பெட்டியிலே அம்மா சுட்ட பயற்றம்பணியாரத்தோடு நம்மைப் பார்க்க வந்தார். பெரிய மண்டபத்தைக் காட்டினோம், புத்தகசாலையைக் காட்டினோம், விளையாட்டு நிலத்தைக் காட்டினோம். "நீ படுக்கிற இடம் எது, தம்பி?" என்று கேட்டார். "அங்கே இப்போது போகவிடார்கள், ஐயா" என்றோம். அது பொய். நம் கட்டிலுக்கு மேலே கூரை ஒழுகியது, பாய் நனைந்திருந்தது, அதைக் கண்டால் அவர் வருந்துவார் என்று நமக்கு நாமே சமாதானஞ் சொல்லிக்கொண்டோம். உண்மையோ வேறு. நெற்றி நிறையத் திருநீறும், தோளிலே சால்வையும், மண்ணேறிய பாதமுமாய் வந்த அவரை, விடுதியிலிருந்த தோழர்முன்னே நடத்திச் செல்ல நாணினோம். ஐயா ஒன்றும் பேசாது பெட்டியை நம் கையிலே தந்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். பல வருடஞ்சென்று, அவர் காலமானபின், அம்மா சொன்னார்: "அன்றைக்கு வந்து, பிள்ளை எல்லாம் காட்டினான், படுக்கிற இடத்தை மட்டுங் காட்டவில்லை என்று சொல்லிவிட்டு, இராமுழுதும் விழித்திருந்தார்." நனைந்த பாயைக் கண்டிருந்தால் ஒருநாள் வருந்தியிருப்பார். காணாமையினாலே எத்தனை நாள் வருந்தினாரென்பதை அறியவும் இனி வழியில்லை.

ஆகவே, மறைத்தல் நோவைத் தடுக்கும் என்னும் முதற் கூற்றே தவறுடையது. பெற்றார் நெஞ்சு வெற்றிடத்தை வெற்றிடமாக விடாது. காட்டப்படாத அறையை அது தானே கட்டிக்கொள்ளும். அவ்வாறு கட்டிய அறை மெய்யான அறையினுங் கொடியதாயிருக்கும். மகள் காட்டிய திமிங்கிலங்களையும் பவளப்பாறைகளையும் அத்தாய் வியந்து பார்ப்பாள். ஆயினும் அவள் கடல்கடந்து வந்தது அவற்றைப் பார்க்கவன்று.

அன்றியும், பெற்றாரின் அச்சம் வீணச்சம் என்று தள்ளத்தக்கதன்று. நாம் மேலே கூறிய சில்டர்ஸ் என்னும் அவ்வூரிலேயே, 2000ஆம் ஆண்டு ஜூன் 23ஆந் திகதி இரவு, பழத்தோட்ட வேலைக்கு வந்த இளம் பிரயாணிகள் தங்கிய ஒரு விடுதி தீயிடப்பட்டு, 15 பேர் உயிரிழந்தனர். இன்று அவ்விடத்திலே அவர்க்கு ஒரு நினைவிடம் உண்டு. அத்துயரின் பின்னரே, மலிவான விடுதிகளின் தீப்பாதுகாப்பு விதிகளைக் குயின்ஸ்லாந்து அரசு கடுமையாக்கிற்று. அவ்வாறே, தோட்டங்களிலே பறித்த அளவுக்கே கூலி பெற்றோர்க்கு, எவ்வளவு குறையினும் மணிக்கு இவ்வளவு கிடைக்கும் என்னும் உறுதி 2022 ஏப்ரில் 28 முதலே உண்டாயிற்று. அதுவும் தொழிலாளர் பட்ட பாடுகள் விசாரணையிலே எடுத்துரைக்கப்பட்ட பின்னரேயாம். மறைக்கப்பட்ட துன்பம் திருத்தம் பெறாது. 'நான் நன்றாயிருக்கிறேன்' என்று ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தால், நன்றல்லாதது நிலைத்தேயிருக்கும்.

இங்கே ஒரு தடை நிகழும்: 'வளர்ந்த பிள்ளை தன் வாழ்வு முழுவதையும் பெற்றார்முன் விரித்துக் காட்டவேண்டுமோ? அவனுக்கென ஓர் அந்தரங்கம் இல்லையோ?' எனின், உண்டு. யாவற்றையுஞ் சொல்லுதல் கடனென்று நாம் கூறவில்லை. காட்டுதல் வேறு, முறையிடுதல் வேறு. சொல்லாதிருத்தல் வேறு, இல்லாததைச் சொல்லுதல் வேறு. தன் நட்பையும் எண்ணங்களையும் ஒருவன் தன்னோடே வைத்திருக்கலாம். ஆயின், எங்கே உறங்குகின்றான், எதனால் உண்கின்றான் என்னும் இரண்டும், உறங்கவைத்து உண்பித்து வளர்த்தவர் அறிதற்கு உரியன.

மற்றொரு கடனும் உண்டு, அது பெற்றாருடையது. காட்டப்பட்டதைக் காணும் பெருமையும் வேண்டும். அறையைக் கண்டவுடனே, "இதற்கா உன்னைப் படிப்பித்தோம்? இன்றே வீட்டுக்கு வா" என்பாராயின், அப்பிள்ளை இனி ஒருபோதும் கதவைத் திறவாது. பிள்ளைகள் பொய் சொல்லக் கற்பது பெரும்பாலும் அவர் சொன்ன மெய் பொறுக்கப்படாத இடத்திலேயாம். கட்டிலின் ஓரத்திலே சற்றிருந்து, அறைத்தோழரின் பெயர்களைக் கேட்டு, "இவ்வளவையும் நீ தனியே செய்தாயே" என்று ஒரு வார்த்தை சொல்லும் தாய், அந்த 88 நாளின் உழைப்புக்கும் கூலி கொடுத்தவளாகின்றாள்.

ஆசிரிய அன்பர்களே, இக்கடன் நம்மையுந் தொடர்கின்றது. நம்மிடம் பயிலும் பிள்ளைகளிற் பலர் நாளை கொழும்புக்கோ கடல்கடந்தோ செல்வர். அவர்க்கு நாம் கற்பிக்குங் கடிதம் எத்தகையது? 'இவ்விடம் நான் நலம். தங்கள் நலமறிய அவா' என்று தொடங்கி, கண்ட காட்சிகளை வருணித்து முடிவது. அந்த முதல் வாக்கியம் மெய்யோ பொய்யோ என்று நாம் கேட்பதில்லை. எழுத்துப்பிழையை மாத்திரந் திருத்துகின்றோம். இனி ஒருமுறையாயினும், 'நீ உறங்கும் இடத்தை உன் தாய்க்கு உள்ளவாறு எழுதுக' என்று ஒரு பாடங் கொடுத்துப் பார்ப்போம். கூரை ஒழுகுகின்றது என்று ஒரு பிள்ளை எழுதினால், அதனைக் குற்றமாகக் கொள்ளாது வாசிக்க நாமும் பழகுவோம்.

நாம் கற்பித்துக்கொண்ட அம்மகளுக்கும் இன்னுங் காலமுண்டு. திரும்பிவரும் வழியிலும் சில்டர்ஸ் ஊர் வரும். அங்கே வண்டியைத் திருப்புதற்கு வேண்டுவது துணிவொன்றே. 50 கிலோமீற்றர் சென்று, கதவைத் திறந்து, "அம்மா, இதுதான் நான் படுக்கிற இடம்" என்று அவள் சொல்லக்கடவள். பெற்றார்க்குக் காட்டத்தக்கது அதுவே என்பது நமது துணிபு.