அபாயச் சங்கும் அமானிதமும்

கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம் என்று விரிந்து கிடக்கும் கரிசல் சீமையில் வாழ்கிறவர்களுக்குச் சங்கின் ஓசை புதிதல்ல. ஆலையில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். வீட்டில் கடிகாரம் இல்லாத காலத்தில் அந்த ஓசையை வைத்தே உலை வைத்தவர்கள் உண்டு. ரமளான் வந்துவிட்டால், நகரா அடித்தோ, வேட்டுப் போட்டோ, சங்கு ஊதியோ நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிப்பது தமிழகத்து முஸ்லிம் ஊர்கள் பலவற்றின் வழக்கம். தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசுத் தொழிலும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் தீயணைப்பு வண்டியின் ஓசை கேட்டுவிட்டால், வேலைக்குப் போன பிள்ளையை நினைத்துத் தாயின் வயிறு கலங்கும். ஆகவே, இந்த ஓசைகளுக்கெல்லாம் நம் நெஞ்சில் ஓர் இடம் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஓசையை எழுப்பும் கருவியைப் பொழுதுபோக்குக்காக ஒருவர் வாங்கி வைத்துக் கொள்ளலாமா? கேள்வி விநோதமாகத் தோன்றலாம். ஆனால், தபால்தலையும் பழைய நாணயமும் சேர்ப்பவர்களைப் போல, அபாய அறிவிப்புக் கருவிகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். உலக யுத்த காலத்து விமானத் தாக்குதல் சங்கு, ஆலையிலிருந்து கழித்துக்கட்டிய மின்சாரச் சங்கு, பழைய ஒலிபெருக்கி, கம்பியில்லாத் தந்திக் கருவி என்று வீட்டை நிரப்புகிறார்கள். அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் கழித்துப் போடும் எச்சரிக்கைப் பெட்டிகளை விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆபத்து வரும்போது நடந்து கொண்டிருக்கும் நிகழ்ச்சியைத் தானே இடைமறித்து, அரசாங்கத்தின் எச்சரிக்கையை ஒலிபரப்பும் பெட்டி அது.

மார்க்கச் சட்டத்தின் பொது விதி நாம் அறிந்ததே. தடுக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாத பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை. ஒரு கருவியைப் பிரித்துப் பார்ப்பதும், அது இயங்கும் விதத்தைக் கற்பதும், பழுது நீக்கிப் பாதுகாப்பதும் குற்றமல்ல. அது அறிவைத் தேடும் முயற்சியாகவும் ஆகலாம். ஆனால் தபால்தலைக்கும் அபாயச் சங்குக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தபால்தலையின் இன்பம் அதை வைத்திருப்பவரோடு முடிகிறது. சங்கின் ஓசையோ சுவரைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகிறது. அங்கே ஒரு நோயாளி படுத்திருக்கிறார். ஒரு கர்ப்பிணி இருக்கிறாள். ஒரு குழந்தை உறங்குகிறது. இன்பம் ஊதியவருக்கு, அச்சம் கேட்டவருக்கு என்றாகிவிட்டால், அதைப் பொழுதுபோக்கு என்று எப்படிச் சொல்வது?

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுடன் தோழர்கள் பயணம் போய்க் கொண்டிருந்தார்கள். ஒருவர் உறங்கிவிட்டார். அவரிடமிருந்த கயிற்றை மற்றொருவர் எடுக்க, உறங்கியவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்று பெருமானார் அவர்கள் அப்போது தெரிவித்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஒரு கயிற்றால், ஒரே ஒரு மனிதருக்கு, ஒரு நொடி உண்டான திடுக்கத்துக்கே இந்தக் கண்டிப்பு! ஓர் ஊரையே உலுக்கும் சங்கை வேடிக்கைக்காக ஊதுபவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

திடுக்கத்தையும் விடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. அது நம்பிக்கைக்கு நேரும் சேதம்.

பகிரங்கப் பிரச்சாரத்தின் தொடக்கத்தில் பெருமானார் அவர்கள் ஸஃபா குன்றின்மீது ஏறிக் குறைஷிகளைக் கூவி அழைத்த வரலாற்றை நம் பிள்ளைகளும் அறிவார்கள். எதிரி வருகிறான் என்றால் உயரமான இடத்தில் ஏறிக் குரல் கொடுப்பது அரபிகளின் வழக்கம். அன்றைய அபாயச் சங்கு அதுதான். மக்கள் கூடியதும் பெருமானார் அவர்கள் முதலில் தம் செய்தியைச் சொல்லவில்லை. இந்த மலைக்குப் பின்னால் ஒரு குதிரைப்படை இருக்கிறது என்று நான் சொன்னால் நம்புவீர்களா என்றே கேட்டார்கள். தங்களிடம் பொய்யை நாங்கள் கண்டதில்லை என்று கூட்டத்தார் ஒப்புக் கொண்டார்கள். அதன் பிறகே எச்சரிக்கை வந்தது. எச்சரிப்பவருக்கு முதல் தேவை உரத்த குரல் அல்ல. நாற்பது ஆண்டு உண்மை வாழ்வு என்ற பாடம் இதில் இருக்கிறது.

மோதினாரைப் பற்றிய ஹதீஸையும் இங்கே நினைவுகூர வேண்டும். இமாம் பொறுப்பாளர், மோதினாரோ நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்ற கருத்து அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. மோதினாரிடம் ஒப்படைக்கப்பட்டது எது? மைக் செட்டா? மினாராவா? இல்லை. ஊராரின் தொழுகையும் நோன்பும் அவருடைய நாவில் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ரமளான் மாலையில் ஒரு வாலிபர் தம் வீட்டு மாடியில் உள்ள சங்கைப் பரீட்சித்துப் பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சூரியன் மறைய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. பள்ளிவாசல் சங்கு என்று எண்ணி நூறு வீடுகளில் பேரீச்சம்பழத்தை வாயில் இட்டுவிடுகிறார்கள். ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் அவர்கள் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும். பகலெல்லாம் கரிசல் வெயிலில் உழைத்துவிட்டு நோன்பு நோற்ற கிழவிக்கு யார் பதில் சொல்வது? வேண்டுமென்று செய்யவில்லை என்ற சமாதானம் அவள் மீண்டும் நோற்க வேண்டிய ஒரு நாளைக் குறைத்துவிடாது.

இது கற்பனை உதாரணம். நடந்தவற்றையும் பார்ப்போம். அமெரிக்காவில் 2013 பிப்ரவரியில் மாண்டானா மாநிலத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் எச்சரிக்கைக் கருவிக்குள் யாரோ புகுந்து, இறந்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து மனிதரைத் தாக்குகிறார்கள் என்று வேடிக்கையாக அறிவித்தார்கள். 2014 அக்டோபரில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் எச்சரிக்கை ஓசையைக் கேலிக்காக ஒலிபரப்ப, வேறு மாநிலங்களில் இருந்த பெட்டிகள் அதை உண்மை என்று ஏற்றுத் தாமே இயங்கத் தொடங்கின. அந்த நிறுவனம் 2015இல் பத்து லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2018 ஜனவரி 13 அன்று காலை 8 மணி 7 நிமிடத்துக்கு ஹவாய்த் தீவு மக்களின் கைபேசிகளில் ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல என்ற எச்சரிக்கை தோன்றியது. ஓர் ஊழியரின் தவறு அது. அதைத் திருத்தும் செய்தி கைபேசிகளுக்கு வர 38 நிமிடம் ஆயிற்று. அந்த 38 நிமிடமும் பெற்றோர் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு மரணத்தை எதிர்பார்த்தார்கள்.

தவறு நேர்ந்தால் எப்படித் திருத்துவது என்பதற்கும் நமக்கு வழிகாட்டல் உண்டு. பிலால் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒருமுறை வைகறை விடியுமுன் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்றும், திரும்பிப் போய், அடியான் உறங்கிவிட்டான் என்று உரக்க அறிவிக்கும்படி பணிக்கப்பட்டார்கள் என்றும் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் அது காட்டும் பண்பு தெளிவானது. எந்த உயரத்திலிருந்து தவறு ஒலித்ததோ, அதே உயரத்திலிருந்து, அதே குரலில், தாமதமின்றித் திருத்தமும் ஒலிக்க வேண்டும்.

அப்படியானால் இந்தக் கருவிகளைத் தொடாமலே இருப்பதுதான் தக்வாவா? அதுவும் சரியல்ல. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி சில தோழர்களுடன் அந்தமானில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தார். அமெச்சூர் வானொலி என்னும் பொழுதுபோக்குதான் அவர்களை அங்கே கொண்டு சென்றது. தீவிலிருந்து உலகெங்கும் உள்ள தம்போன்ற ஆர்வலர்களுடன் பேசுவது அவர்களுடைய நோக்கம். 26ஆம் தேதி நிலம் நடுங்கிக் கடல் பொங்கியது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. நேற்றுவரை விளையாட்டாக இருந்த கருவி அன்று தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமந்தது. உற்றார் உயிரோடு இருக்கிறார்களா என்று ஏங்கியவர்களுக்கு அதன் வழியே பதில் போயிற்று.

அதே நாளில் புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவ கிராமத்தில் நடந்ததும் நினைவில் நிறுத்தத் தக்கது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசினார். உடனே ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் அந்த ஊர் உயிர்ச்சேதத்திலிருந்து தப்பியது. சொன்னவுடன் அவர்கள் ஓடியது ஏன்? அந்த ஒலிபெருக்கியை அவர்கள் நம்பினார்கள். வேடிக்கைக்காக முன்பு இரண்டு முறை அது பொய்யாக அலறியிருந்தால், மூன்றாம் முறை எத்தனை பேர் வலையைக் கீழே போட்டிருப்பார்கள்?

உரிய எச்சரிக்கை இல்லாததன் விலையை நம் வட்டாரமும் கண்டது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். முதல் வெடியோசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்து, அடுத்த வெடிப்பில் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு. எட்டி நில்லுங்கள் என்று நம்பத்தக்க ஒரு குரல் அப்போது தேவைப்பட்டது.

ஆகவே கருவியில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. வைத்திருப்பவர் அதைத் தம் சொத்து என்று மட்டும் நினைக்கிறாரா, அமானிதம் என்றும் உணர்கிறாரா என்பதே கேள்வி. இரும்பும் கம்பியும் அவருடையவை. அந்த ஓசையைக் கேட்டதும் எழுந்து ஓட வேண்டும் என்று மக்கள் மனத்தில் பதிந்திருக்கும் நம்பிக்கை அவருடையதல்ல. அதை அவர் விலைக்கு வாங்கவில்லை. அதைச் செலவழிக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

இத்தகைய ஆர்வம் உள்ள பிள்ளை நம் வீட்டில் இருந்தால் அவனை ஏசி அடக்க வேண்டாம், நெறிப்படுத்துங்கள். அலைகளை ஒலிபரப்பும் கருவிக்கு அரசின் அனுமதி வேண்டும். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றி அதை வைத்திருப்பதையே குற்றம் என்றது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியை வற்புறுத்துகிறது. கேட்கும் ரேடியோவுக்கே அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி லைசென்சு வாங்கிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 12 வயது நிறைந்தவர் பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். நேர்வழி திறந்திருக்கிறது. ஒலி எழுப்பும் சங்காக இருந்தால் மின் இணைப்பின்றி வையுங்கள். சிறுவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். பரீட்சிக்க வேண்டியிருந்தால் அண்டை வீட்டாருக்கும் ஜமாஅத்தாருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்னதாகச் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பள்ளிவாசலின் மைக் செட்டோ வக்ஃபுச் சொத்து. அதில் விளையாட எவருக்கும் பாத்தியம் இல்லை.

என் வீட்டில் சங்கு எதுவும் இல்லை, இந்தக் கட்டுரை எனக்கல்ல என்று எண்ணும் சகோதரர்களே, தாய்மார்களே, உங்கள் கையில் இருக்கும் கைபேசியைச் சற்றுப் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நேரத்தில் குளம் உடைந்தது, அணை உடைந்தது என்று வரும் செய்தியை விசாரிக்காமல் நூறு பேருக்கு அனுப்புகிறவரும் அபாயச் சங்கை ஊதுகிறவரே. பேரிடரைப் பற்றிப் பொய் எச்சரிக்கை பரப்பிப் பீதி உண்டாக்குபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு என்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சொல்கிறது. அதற்குப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம், அமைதி பற்றியோ அச்சம் பற்றியோ செய்தி வந்தால் உடனே பரப்பிவிடுவோரைக் கண்டித்து, பொறுப்புடையோரிடம் அதைக் கொண்டு செல்லும்படி கற்பித்துவிட்டது.

ஓர் இரவு மதீனாவில் ஏதோ ஓசை கேட்டு மக்கள் பீதியடைந்தார்கள். ஓசை வந்த திசை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்களுக்கு முன்பே பெருமானார் அவர்கள், அபூதல்ஹா ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் குதிரையில் சேணம்கூடப் பூட்டாமல் ஏறி, வாளைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொண்டு, தன்னந்தனியே சென்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கொண்டிருந்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று மக்களைத் தேற்றினார்கள். தாமே போய் விசாரித்தார்கள். அறிந்த பிறகே பேசினார்கள். பேசியது அச்சத்தைத் தணித்தது. கையில் சங்கு உள்ளவருக்கும் கைபேசி உள்ளவருக்கும் அந்த ஸுன்னத்து போதும்.

நம் நாவையும் நம் கையிலுள்ள கருவிகளையும் அமானிதம் பேணுபவையாக வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.