கழுவிய கை யாருடையது?

ஃபிக்ஹு நூல்களைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் நம்மை எதிர்கொள்வது தொழுகையன்று, நோன்பன்று, தூய்மையே. ‘கிதாபுத் தஹாரத்’ என்னும் அந்தப் பாடத்தைக் கடந்த பின்னரே மாணவன் தொழுகையின் வாயிலை அடைகிறான். வீட்டுக்குள் செல்வோன் முற்றத்தில் கால் கழுவுவதுபோல், மார்க்கத்துக்குள் செல்வோன் இங்கே கால் கழுவிக்கொள்கிறான்.

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் மதரஸாவில் முப்பது ஆண்டுகளாக அப்பாடத்தை நடத்தி வருபவன் நான். எந்நீர் தூய்மைப்படுத்தும், எந்நீர் தூய்மைப்படுத்தாது, கிணற்றில் எலி விழுந்தால் என்ன செய்வது, ஆடையில் பட்ட அசுத்தம் எவ்வளவு இருந்தால் தொழுகை கூடாது என்பனவெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

“ஹஜ்ரத், தூய்மை ஈமானில் பாதி என்று சொன்னீர்கள். எங்கள் வீட்டில் கழிப்பறையைக் கழுவுவது அம்மாதான். அத்தா ஒரு நாளும் கழுவியதில்லை. அப்படியானால் அத்தாவின் பாதி யாரிடம் இருக்கிறது?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிட்டேன். ஆனால் அவ்வினா என்னோடு வீடு வரை வந்தது. ஏனெனில் அந்த ‘அத்தா’ நானுந்தான்.

சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் இவ்வினாவுக்கு விடை எளிது. அசுத்தத்தை நீக்குவதற்கு நிய்யத் தேவையில்லை என்பது நம் இமாம்கள் கூறும் விதி. கொடியில் காயும் ஆடையில் பட்டிருந்த அசுத்தத்தை மழை நீர் அடித்துச் சென்றுவிட்டால் ஆடை தூய்மையே. மழைக்கு எண்ணம் ஏது? அதுபோல் கழிப்பறையை மனைவி கழுவினாலும், மகள் கழுவினாலும், கூலிக்கு வந்தவர் கழுவினாலும் இடம் தூய்மை ஆகிவிடுகிறது. அங்கே காலூன்றியவனின் தொழுகைக்கு ஒரு குறையும் இல்லை. பிறர் உதவியை ஏற்பதிலும் தவறில்லை. பயணமொன்றில் முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் நீர் வார்க்க, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்ததை நூல்களில் காண்கிறோம்.

ஆனால் இடம் தூய்மையாவது வேறு. மனிதன் தூய்மையாளன் ஆவது வேறு. செயல்களுக்குரிய பயன் எண்ணங்களைப் பொறுத்தே அமையும் என்னும் நபிமொழியையல்லவா இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் வாயிலில் வைத்திருக்கிறார்கள்? மழை கழுவிய ஆடை தூய்மையாகும். ஆடைக்குரியவனுக்கு அதனால் நன்மை எழுதப்படுவதில்லை. ஈமானின் பாதி என்று போற்றப்பட்ட தூய்மை, தரையின் நிலையை மட்டும் குறிப்பதாயின் அது ஈமானின் பங்காக எவ்வாறு ஆகும்? ஈமான் தரையில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. ஆகவே மாணவன் கேட்டது சட்ட வினா அன்று, ஒழுக்க வினா.

இவ்வினாவுக்கு விடை தேட என்னைக் கட்டாயப்படுத்திய நிகழ்ச்சி ஒன்று அதன் பின்னர் நேர்ந்தது. ஒரு நாள் சுபுஹு நேரத்தில் உளூவுக்குச் சென்ற என் இல்லத்தார், குளியலறையின் பாசி பிடித்த மூலையில் கால் வழுக்கி விழுந்தார்கள். கை எலும்பு முறிந்தது. அந்த மூலையில் குழாய் ஒன்று பல மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. “ஏங்க, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று அவர்கள் எத்தனை முறை கூறியிருப்பார்கள்! “ஆகட்டும், ஆகட்டும்” என்று அத்தனை முறையும் கூறியவன் நான். தூய்மையின் பாடம் நடத்தியவனின் அலட்சியத்தால், தூய்மையைச் செய்துவந்த கை முறிந்தது.

அந்த ஆறு வாரங்கள் துடைப்பம் என் கைக்கு வந்தது. முதல் நாள் நான் கண்டவற்றைக் கூறுகிறேன். வாளியின் உட்புறத்திலும் குழாயின் வாயிலும் வெண்மையான உப்புப் படிவு. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரின் இயல்பு நீங்கள் அறிந்ததே. அந்நீரிலுள்ள புளோரைடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பற்களைப் பழுப்பாக்கியது. பெரியவர்களின் எலும்புகளை வாட்டியது. அதன் பொருட்டே ஜப்பானியக் கடனுதவியோடு காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. குடிப்பதற்குக் காவிரி வந்தது. எங்கள் வீட்டில் கழுவுவதற்கு இன்றும் ஆழ்குழாய்க் கிணற்று நீரே. வாளியில் படியும் வெள்ளை புளோரைடு அன்று. கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து. அப்படிவின் மீது அழுக்கு ஏறும். அழுக்கின் மீது பாசி ஏறும். பாசியின் மீது கால் வழுக்கும். இவ்வளவு நீண்ட சங்கிலியை என் இல்லத்தார் நாள்தோறும் தம் கையால் அறுத்துவந்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படிவைப் போக்கக் கடையில் ஆசிட் வாங்கி வந்தேன். அண்டை வீட்டு அம்மையார் கண்டு தடுத்தார்கள். ஆசிட் உப்பைத் தின்பதோடு நில்லாது, கற்களின் இடையிலுள்ள சிமெண்டையும் தின்னும். பின்னர் அந்த இடுக்குகளில் அழுக்கு நிலையாகக் குடியேறும். அதனினும் கொடியது, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலப்பது. அக்கலப்பிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைச் சுட்டுவிடும். சன்னல் அடைத்த சிறு அறையில் உயிருக்கே உலை வைக்கும். நம் பெண்கள் பலர் இரண்டையும் சேர்த்தால் இருமடங்கு வெண்மை வரும் என்று எண்ணுகின்றனர்; கூடவே கூடாது. எங்கள் மாவட்டத்துக்குப் புளிக்குப் பஞ்சமில்லை. ஊறிய புளியைத் தேய்த்துச் சற்று நேரம் விட்டுக் கழுவினால், மேலோட்டமான படிவு கரைந்து போகிறது. அதற்கு வேண்டுவது பணமன்று, பொறுமை.

சொட்டும் குழாயின் கீழ் ஓரிரவு செம்பு ஒன்றை வைத்தேன். இஷாவுக்குப் பின் வைத்தது, சுபுஹுக்கு நிரம்பி வழிந்திருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூச் செய்வார்கள் என்றும், நான்கு அல்லது ஐந்து ‘முத்’ நீரில் குளிப்பார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ‘முத்’ என்பது நடுத்தர மனிதன் இரு கை சேர்த்து ஏந்தும் அளவு. அப்படியானால் ஓர் உளூவுக்குப் போதிய நீரை ஒவ்வோர் இரவும் நான் சாக்கடைக்கு வார்த்திருக்கிறேன். வீண் விரயம் கூடாதென்று பகலெல்லாம் பாடம்; இரவெல்லாம் விரயம்! அதை நிறுத்தத் தேவைப்பட்டது ஒரு ரப்பர் வாஷர் மட்டுமே.

இவையெல்லாம் அற்பச் செய்திகள், அறிஞர் சிந்தனைக்கு உரியவையல்ல என்று எவரேனும் கருதலாம். நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. குளிக்குமிடத்தில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கும் நபிமொழியைத் தம் நூலில் பதிந்த இமாம் இப்னு மாஜா (ரஹ்) அவர்கள், அதனருகிலேயே அலீ இப்னு முஹம்மது தனாஃபிஸீ என்னும் அறிஞரின் விளக்கத்தையும் பதிந்துள்ளார்கள். நீர் வடியாத பள்ளத் தரைக்கே அத்தடை. இன்றோ குளிக்குமிடங்கள் சுண்ணமும் காரையும் கீலும் பூசப்பட்டவை, நீர் ஊற்றினால் வடிந்துவிடும் என்பது அதன் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர்கள் குளியலறைத் தரையின் பூச்சையும் சரிவையும் நோக்கியே மார்க்கச் சட்டத்தை ஆராய்ந்தார்கள்! நாமோ நம் வீட்டுத் தரையில் நீர் எப்பக்கம் வடிகிறது என்று நோக்குவதில்லை.

இனி ஒழுக்க வினாவுக்கு வருவோம். மஸ்ஜிதுன் நபவியின் கிப்லாச் சுவரில் எவரோ உமிழ்ந்த எச்சிலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். அவர்கள் முகத்தில் வருத்தம் தோன்றியது. ஒரு சொல் சொல்லியிருந்தால் ஓடிவந்து துடைக்கத் தோழர்கள் எத்தனை பேர்! ஆயினும் எழுந்து சென்று தம் கரத்தாலேயே அதைச் சுரண்டி அகற்றினார்கள். அதன் பின்னரே அறிவுரை கூறினார்கள். கை முந்தியது, வாய் பிந்தியது. என் முப்பது ஆண்டுகளில் வாய் மட்டுமே முந்தியிருந்தது. வீட்டில் அவர்கள் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதும் நாம் அறியாததன்று.

அப்படியாயின் கூலிக்கு ஆள் வைத்துக் கழுவுவது குற்றமா? குற்றமன்று. முதியோரும் நோயுற்றோரும் வேறென் செய்வர்? உழைப்புக்குக் கூலி ஹலாலானது. மஸ்ஜிதைக் கூட்டிவந்த ஓர் எளியவர் இறந்த செய்தி தமக்கு அறிவிக்கப்படாதது குறித்துப் பெருமானார் (ஸல்) அவர்கள் வினவி, அடக்கவிடம் தேடிச் சென்று தொழுத வரலாறு புகாரியில் உண்டு. கூட்டுவோரின் மதிப்பு அது. ஆனால் பிறர் கை நம் அசுத்தத்தைத் தொட வேண்டியிருக்குமானால், அது எவ்வளவு குறைவாக இருக்க வேண்டுமோ அவ்வளவு குறைப்பது நம் கடமை. பயன்படுத்தியவன் போதிய நீர் ஊற்றாமல் வெளியேறுவது, அடுத்து வருபவருக்குச் செய்யும் அநீதி.

இந்த அநீதி குளியலறைக் கதவோடு முடிவதில்லை. பூமிக்கடியிலுள்ள கழிவுத் தொட்டி வரை செல்கிறது. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. பாதுகாப்பின்றிக் கழிவுத் தொட்டியில் ஆள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது; 2023இல் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்த்தப்பட வேண்டியிருந்தது என்றால், இறப்பு நிற்கவில்லை என்பதுதானே பொருள்? தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திர வண்டி கொண்டு காலி செய்ய வேண்டும். செலவுக்கு அஞ்சிப் பதினைந்து ஆண்டுகள் மறந்திருந்து, இறுகிப்போன பின் ஏழை ஒருவனை உள்ளே இறக்குபவன், தன் தூய்மைக்கு விலையாக ஓர் உயிரைக் கேட்கிறான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தூய்மை என்றதும் நாளெல்லாம் நீரோடு நின்று, பிள்ளைகளையும் விருந்தினரையும் அதட்டுவோரும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் தூய்மையை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: உடலின் தூய்மை, உறுப்புகளைப் பாவத்தினின்று காக்கும் தூய்மை, உள்ளத்தைத் தீக்குணங்களினின்று நீக்கும் தூய்மை, இறைவனன்றி எதுவும் குடிகொள்ளாத ஆன்மத் தூய்மை. முதற்படியிலேயே நின்று தேய்த்துக்கொண்டிருப்போரை அவர்கள் கண்டிக்கிறார்கள். நானும் முதற்படியை விட்டு இறங்குமாறு கூறவில்லை. அதிலேயே அடுத்த படிக்கு வழி இருக்கிறது என்கிறேன். துடைப்பம் ஏந்திய முதல் நாள் என் நெஞ்சில் எழுந்த அருவருப்பு, அசுத்தத்தால் மட்டும் வந்ததன்று. ‘நானா இதைச் செய்வது?’ என்ற பெருமையும் அதில் கலந்திருந்தது. தரையைத் தேய்க்கத் தேய்க்க அதுவும் சற்றுத் தேய்ந்தது.

இல்லத்தாரின் கை குணமாயிற்று. துடைப்பத்தை அவர்கள் திரும்பக் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை குளிப்புக்கு முன் தேய்த்துக் கழுவுவது என் முறை. மற்ற நாட்களில் பிள்ளைகள், ஆண் பெண் வேறுபாடின்றி, முறை வைத்துச் செய்கின்றனர். கழுவியதும் நீரைத் தள்ளித் தரையை உலரவிடுகிறோம். சன்னலைத் திறந்து வைக்கிறோம். உலர்ந்த தரையில் பாசி வளர்வதில்லை.

அம்மாணவன் இப்போது வளர்ந்து ஓசூரில் வேலை பார்க்கிறான். சென்ற ரமலானில் ஊருக்கு வந்தபோது அவனை அழைத்து, அன்று கூறாத விடையைக் கூறினேன்: “உன் அத்தாவின் பாதி எங்கும் போய்விடவில்லை, தம்பி. அது குளியலறை மூலையில் துடைப்பத்தோடு சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. என்று வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.”

அவன் சிரித்தான். பிறகு தயங்கி, “ஹஜ்ரத், எனக்கும் கலியாணமாகிவிட்டது” என்றான். நான் வேறொன்றும் கேட்கவில்லை.